வலக்கைப் பக்கம் ஆறு

முதல் நாள், ஓங்காரேஷ்வர்

விடியற்காலை நாலு மணிக்குக் கண்டுவா ஸ்டேஷனில் இறங்கினோம். ஊரில் மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வதெல்லாம் வெறும் பேச்சு என்று பிளாட்பாரத்திலேயே தெரிந்துபோயிற்று. சித்தப்பா மப்ளரைக் காதோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, "பல்லு தந்தி அடிக்குதுடா" என்றார். அவருக்கு 71 வயது. மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு 47. அடுத்தவர்களின் வரவு செலவைச் சரிபார்ப்பது பிழைப்பு.

நர்மதையைச் சுற்றி நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கோயிலைச் சுற்றுவது போல ஓர் ஆற்றையே பிரதட்சிணம் வருவது. அமர்கண்டக்கில் பிறந்து கம்பாத் வளைகுடாவில் கலக்கும் வரை ஆறு 1312 கிலோமீட்டர். ஒரு கரையோடு கடல் வரை போய், மறு கரையோடு ஊற்று வரை ஏறி, புறப்பட்ட இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். முறைப்படி நடந்தால் 3 வருஷம், 3 மாதம், 13 நாள். எங்களுக்கு இருப்பது ஒன்பது நாள் லீவு. அதனால் துண்டு துண்டாக. இங்கே இதைக் 'கண்ட பரிக்ரமா' என்கிறார்கள். நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த முறை தொடரலாம்.

கிளம்பும் முன் நண்பர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பிளான் எதுவும் போடாதே, ஆறு மாதிரி போ." நான் தலையாட்டிவிட்டு எக்செல்லில் அட்டவணை போட்டேன். எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்கல், அங்கே இடம் இல்லையென்றால் வேறு எங்கே, எல்லாம் கட்டம் கட்டமாக. சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "உனக்கு வயித்தால போச்சுன்னா அது எந்தக் கட்டத்துலடா வரும்?" என்றார்.

ஏழாம் நாள் கட்டத்தில் 'மகேஷ்வர், புடவை' என்று இருக்கிறது. அது சித்தியின் கோரிக்கை. "போறதுதான் போறீங்க, ஒரு மகேஷ்வரி புடவை எடுத்துட்டு வாங்க. மயில் கழுத்துக் கலர்."

சங்கல்பம் செய்துகொண்ட பிறகு ஆற்றைக் கடக்கக் கூடாது. ஓங்காரேஷ்வரர் இருப்பதோ ஆற்றுக்கு நடுவே மாந்தாதா தீவில். ஆகவே காலையிலேயே பாலத்தைத் தாண்டிப் போய்ச் சாமியைப் பார்த்துவிட்டு வந்தோம். தீவை வடக்கே சுற்றி வரும் கிளைக்கு இங்கே காவேரி என்று பெயர். காவேரி என்றே ஒரு சிறிய ஆறு இந்தப் பக்கத்தில் நர்மதையோடு சேர்கிறது. சேர்ந்தவள் மறுபடி பிரிந்து தீவைச் சுற்றுகிறாள் என்பது ஐதீகம். நம் காவேரியை நினைத்துக்கொண்டு இரண்டு கை தண்ணீர் தலையில் தெளித்துக்கொண்டேன்.

தீவின் மலை மேல் 108 அடி உயரத்தில் ஆதிசங்கரர் நிற்கிறார். 2023 செப்டம்பரில் திறந்த சிலை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகம். கேரளத்திலிருந்து நடந்தே வந்து கோவிந்த பகவத்பாதரைக் குருவாகப் பெற்றது இந்தக் கரையில்தான் என்று சொல்கிறார்கள். கோயிலுக்கு அடியில் அந்தக் குகையைக் காட்டுகிறார்கள். குரு நிஷ்டையில் இருக்கும்போது நர்மதையில் வெள்ளம் வர, சிறுவன் கமண்டலத்தை நீட்டி மொத்த வெள்ளத்தையும் அதில் அடக்கிவிட்டானாம். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டுச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். பாலத்திலிருந்து கிழக்கே பார்த்தால் ஓங்காரேஷ்வர் அணை முழுசாகத் தெரிகிறது. அதையும் கதையையும் சேர்த்து யோசித்தவர், "அப்போ இங்க முதல் அணை அவருதுதான்" என்றார்.

அணையில் சங்கு ஊதினால் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அர்த்தம், படித்துறையை விட்டு ஏறிவிட வேண்டும் என்று ஆங்காங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதிரி போ என்று சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன். இந்த ஆறு சங்கு கேட்டுத்தான் போகிறது.

மத்தியானம் தென்கரையில் சங்கல்பம். நான் மொட்டை போட்டுக்கொண்டேன். சித்தப்பாவுக்கு அந்தச் செலவு இல்லை. ஒரு சின்ன பாட்டிலில் நர்மதை நீர் பிடித்துப் பூஜை செய்து கையில் கொடுத்தார் பண்டிதர். பரிக்ரமா முடியும்வரை இது கூடவே இருக்க வேண்டும். எதிரே யார் வந்தாலும் "நர்மதே ஹர்" என்று சொல்ல வேண்டும். சோப்புப் போட்டு ஆற்றில் குளிக்கக் கூடாது. கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். உபநதிகளைத் தாண்டலாம், நர்மதையைத் தாண்டக் கூடாது. வழி தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஆறு இந்தக் கைப் பக்கம் இருக்கும்வரை நீ சரியாகத்தான் போகிறாய்.

இரண்டாம் நாள், மோர்டக்காவைத் தாண்டி

கால் வலி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். புது ஷூ வாங்கியது முட்டாள்தனம்.

கரையோரப் பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை. மாட்டுத் தடம், வாய்க்கால் வரப்பு, திடீரென்று தார் ரோடு, மறுபடி சேறு. மரத்தில் காவித் துணி கட்டியிருந்தால் அதுதான் வழி. நான் துணியை நம்பாமல் போனை நம்பினேன். மூன்று கிலோமீட்டர் மிச்சமாகும் என்று குறுக்கே இறங்கி, பருத்திக் காட்டுக்குள் சொட்டுநீர்க் குழாய்களில் கால் சிக்கி நின்றோம். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி அரிவாளாலேயே வடக்கே காட்டினாள்: "மையா உதர் ஹை." அம்மா அந்தப் பக்கம் இருக்கிறாள். யாரும் இங்கே ஆறு என்று சொல்வதில்லை, மையாதான்.

மோர்டக்காவில் பாலங்கள். இந்தூர் போகிற லாரிகள் சரசரவென்று வடகரைக்குப் போகின்றன. ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதே அக்கரைக்கு நாங்கள் முறையாகப் போக வேண்டுமென்றால் கடல் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். சித்தப்பா பாலத்தின் கீழ் நின்று ரொம்ப நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த அட்டவணையைக் கேட்டார். அவர் விரல் ஏழாம் நாளில் நின்றது.

"டேய், மகேஷ்வர் எந்தக் கரை?"

போனில் பார்த்தேன். வடகரை.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. கிலோமீட்டர் கணக்கு, மாற்றுத் தங்கல், மருந்துக் கடை எல்லாம் பார்த்தவன் கரையைப் பார்க்கவில்லை. "உங்க சித்திகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்" என்றார் சித்தப்பா. தினமும் நான் எழுதிப் போடும் இதையெல்லாம் சித்தி படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இரவு ஒரு சின்ன ஆசிரமம். தகரக் கூரை, சாணம் மெழுகிய தரை, ஓர் அனுமார். இடம் கேட்க வாயைத் திறப்பதற்குள் பாய் விரித்துவிட்டார்கள். சோளரொட்டியும் ஒரு கீரையும் வந்தது. சித்தப்பா ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புளிச்சக்கீரைடா!" அவர்கள் அதை அமாடி என்கிறார்கள். பூண்டு தாளிப்பும் காரமும் நம் பக்கத்தில் கடைந்தது போலவே இருந்தது. மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டார். மொழி தெரியாத மனிதர் அந்தச் சமையல்கார அம்மாவிடம் கீரையைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குப் புரிந்தது.

படுக்கும்போது பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து உண்டியலைத் தேடினேன். பரிக்ரமாவாசியிடம் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியதற்கு எதிர்ப்பதிவு போடாமல் தூங்கப் போவது என் தொழிலில் இல்லாத வழக்கம். தூக்கம் வர நேரமாயிற்று.

மூன்றாம் நாள், பகாவான்

தோக்சர் வழியாக வந்தோம். ஊர் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு சாணை மிஷின். திண்ணையிலும் வாசலிலும் மரத்தடியிலும் சிவலிங்கங்கள். சுண்டுவிரல் அளவிலிருந்து ஆள் உயரம் வரை. செங்கல் சூளையில் கல் அடுக்குவது போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பூஜை அறைகளில் பாணலிங்கம், நர்மதா லிங்கம் என்று வைத்திருப்பதில் எத்தனை இந்தத் தெருவிலிருந்து வந்தவையோ.

நர்மதையின் கல்லெல்லாம் சங்கரன் என்று இந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை. பிரதிஷ்டை செய்யாமலே பூஜிக்கலாம் என்பார்கள். ஒரு பட்டறையில் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் பெரியவர் பேசினார். முன்பு மேலே தாராஜி என்ற இடத்தில் அருவி விழுந்த பள்ளங்களில் லிங்கங்கள் தானாகவே உருவாகிக் கிடக்குமாம். அவர் அப்பா காலத்தில் முங்கி எடுத்து வருவார்களாம். ஓங்காரேஷ்வர் அணை வந்தபின் அந்த இடம் தண்ணீருக்கு அடியில். இப்போது ஆற்றுக் கல்லை எடுத்து வந்து உளியால் தட்டி, சாணை பிடித்து, மெருகேற்றுகிறார்கள். முகம், முடி, இமை எல்லாவற்றிலும் கல்மாவு. ஒரு கந்தலை மூக்கில் கட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தாராஜி என்ற பெயரைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்தார். 2005 ஏப்ரலில் அமாவாசைத் திருவிழாவுக்குக் கூடிய ஜனங்கள் ஆற்றில் இருந்தபோது மேலே அணையிலிருந்து வந்த தண்ணீர் திடீரென்று ஏறி, பல உயிர்கள் போயின. மின்சாரம் எடுக்கிற வேலையில் இருந்தவர்கள் யாரும் அந்தச் செய்தியை மறக்கவில்லை என்றார். பெரியவர் கேட்டுவிட்டு மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் அந்தக் கல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஓடுகிற தண்ணீரோடு போனால் கல்லும் உருண்டு சாமியாகிவிடும் என்று நாம் அழகாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர் சொன்னது வேறு. ஓடிப்போன கல் ஓடிப்போய்விட்டது. பள்ளத்தில் விழுந்து வெளியே வர வழியில்லாமல், அருவி மேலே மேலே விழ, மற்ற கற்களோடு இடித்து இடித்துச் சுற்றிக்கொண்டிருந்ததுதான் லிங்கமாயிற்று. மாட்டிக்கொண்ட கல். இதை எந்தச் சொற்பொழிவிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சித்தப்பா கட்டைவிரல் அளவில் ஒன்று வாங்கினார். மிஷினில் செய்ததுதான் என்று அந்தப் பெரியவரே சொல்லிக் கொடுத்தார்.

நான்காம் நாள், ராவேர்கேடி

காய்ச்சல். எனக்குத்தான், சித்தப்பாவுக்கு இல்லை. எட்டு கிலோமீட்டர் என்று போட்ட கட்டத்தில் பாதிகூட நடக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு குடிலில் படுத்துக்கிடக்கிறேன். மிளகாய் காய்கிற வாசனை மூக்கைப் பிடுங்குகிறது. பக்கத்துப் பேடியா மிளகாய்ச் சந்தைக்குப் பேர் போனது. களமெல்லாம் சிவப்பாக இருக்கிறது. தும்மினால் தலை பிளக்கிறது.

ஐந்தாம் நாள், அதே ராவேர்கேடி

காய்ச்சல் இறங்கிவிட்டது, காலில் பலம் இல்லை. இன்றும் இங்கேதான். அட்டவணையைச் சித்தப்பா மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுவிட்டார்.

குடிலிலிருந்து நூறடியில், மராட்டிய அரசின் பிரதம மந்திரியாக இருந்து படை நடத்திய பாஜிராவ் பேஷ்வாவின் சமாதி. சுற்றிலும் மதில், நடுவில் கல் மேடை, அப்பால் ஆறு. இந்தியாவைக் குதிரை மேலிருந்தே பார்த்த மனிதர் அவர். எதிரி எழுந்து பல் துலக்குவதற்குள் இவர் படை வந்து நிற்குமாம். இந்தக் கரையில் முகாம் போட்டிருந்தபோது காய்ச்சல் கண்டு, 1740 ஏப்ரல் 28 அன்று இறந்தார். வயது 39. காய்ச்சலில் கிடந்துவிட்டு எழுந்து வந்து அந்த மேடையைப் பார்ப்பது அவ்வளவு சுகமான அனுபவம் இல்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். ஒரு நாய் வந்து காலடியில் படுத்தது.

சித்தப்பாவுக்கு இங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது. நேற்று வந்ததிலிருந்து படித்துறையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கு ஒரு கோடு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தண்ணீர் எந்தப் படியைத் தொடுகிறது என்று. இன்று காலையில் பார்த்தால் நேற்று மாலைக் கோடு தண்ணீருக்குள்.

"மழையே இல்லையே சித்தப்பா?"

"மழை எதுக்குடா? சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டு போடுவான், மோட்டார் போடுவான். பகல்ல பூட்டி வச்சிருந்து அப்பதான் டர்பைனை ஓட்டுவான். மேல இருக்கறது 520 மெகாவாட். அதுக்கும் மேல இந்திரா சாகர், 1000. ரெண்டும் குடிச்சுத் துப்பின தண்ணிதான் ராத்திரி இங்க வந்து சேருது."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. ஆற்றையே அளந்து விடுகிறார்கள். சித்தப்பாவின் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை, ஒரு சக ஊழியரைப் பார்த்தது போன்ற சந்தோஷம்தான் இருந்தது. யாரோ ஒரு ஆபரேட்டர் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து இந்த ஆற்றை நடத்திக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தோன்றுகிறது. குளிக்கும்போது அவர் தண்ணீரைக் கையில் அள்ளி "நர்மதே ஹர்" என்று சொல்லும் குரலில் பக்தி ஒரு இழைகூடக் குறையவில்லை. எனக்குத்தான் அது இரண்டும் சேர நேரமாகிறது.

குடிலில் தண்ணீர் இறைத்துப் போடுகிற பெரியவர் ஹர்சூத்காரர். இந்திரா சாகருக்காக 2004ல் காலி செய்து மூழ்கிய ஊர். அவர் வீட்டை அவரே இடித்தாராம், கதவு நிலையையாவது எடுத்துப் போகலாமே என்று. புது ஊரில் போய்ப் பொருந்தவில்லை. இப்போது வருஷத்தில் பாதி நாள் கரையோரக் குடில்களில் சேவை. நான் என் அரைகுறை ஹிந்தியில், எல்லாம் அவள் விட்ட வழி என்று ஏதோ சொல்லப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மையா என் வீட்டுக்கு வரவில்லை, அவளைக் கொண்டுவந்து விட்டார்கள்" என்றார். பிறகு வெந்நீர் வேண்டுமா என்று கேட்டார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. போகிற போக்கில் போ என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். ஊரை இழந்தவரிடம் சொல்ல நாக்கு வரக்கூடாது, எனக்கு வந்துவிட்டது.

ஆறாம் நாள், தேலி பட்டியான்

மர்தானா தாண்டியதும் எங்களோடு ஓர் அம்மா சேர்ந்துகொண்டார். அறுபதைத் தாண்டியவர், மகாராஷ்டிரத்துக்காரர், தனியாக முழுப் பரிக்ரமா. வெள்ளைப் புடவை, தோளில் மூட்டை, கையில் தண்டம். என் ஷூவைப் பார்த்ததும், "இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகிறாய், ஆபீஸுக்கா?" என்றார். அடுத்த ஊரில் ஒரு டீக்கடைக்காரரிடம் பேசி ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். கால் இப்போது பரவாயில்லை.

மௌசி என்று கூப்பிடச் சொன்னார். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார். குறட்டை படகு மோட்டார் மாதிரி. தினமும் காலையில் வீட்டுக்காரர் போன் செய்து கேஸ் புத்தகம் எங்கே, துவரம் பருப்பு எந்த டப்பாவில் என்று கேட்கிறார். இவர் ஒரு கையில் ஜபமாலையை உருட்டிக்கொண்டே, "மேல் தட்டு, இடது பக்கம், பச்சை மூடி" என்கிறார். உலகத்தை விட்டு வந்தவர்களுக்கும் டப்பாவின் மூடி நிறம் ஞாபகம் இருக்கத்தான் செய்கிறது.

தேலி பட்டியானில் சியாராம் பாபாவின் ஆசிரமம். பாபா 2024 டிசம்பர் 11 அன்று, மோட்ச ஏகாதசி நாளில் உடலை விட்டார். யார் எவ்வளவு கொடுத்தாலும் 10 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். ஒரு கணக்கனுக்கு இதைவிடப் பிடித்த சாமியார் இருக்க முடியாது. உயர்ந்த பட்சம் பத்து. மேலே போனால் மீதிச் சில்லறை. படித்துறைக்கு மேல் டீ கிடைத்தது. நான் என் பத்து ரூபாயைப் போட்டேன், இந்தப் பயணத்தில் முதல் முறையாக மனசு சமமாயிற்று.

மௌசியிடம் இரண்டாம் நாள் தூங்காததைச் சொன்னேன், வாங்கிக்கொண்டே இருப்பது உறுத்துகிறது என்று. அவர் ரொம்ப யோசிக்கவெல்லாம் இல்லை. "உறுத்தினால் சாப்பிட்ட தட்டைக் கழுவி வை. ராத்திரி எட்டு மணிக்குப் போய் நிற்காதே, ஐந்து மணிக்குள் போ. அந்தப் பெண் மறுபடி அடுப்பு மூட்டணும் இல்லையா?" நாங்கள் மூன்று இரவு இருட்டிய பிறகுதான் போய்க் கதவைத் தட்டினோம். நாங்கள் ஆற்றோடு போகிற சுகத்துக்கு இந்தக் கரையோரம் முழுக்கப் பெண்கள் அடுப்போடு நின்றுகொண்டிருக்கிறார்கள். என் எக்செல்லில் 'சேரும் நேரம்' என்று ஒரு பத்தியே கிடையாது.

சாயங்காலம் சித்தியின் போன். எடுத்த எடுப்பில், "மகேஷ்வர் எந்தக் கரை?" அத்தை மகன் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டியிருக்கிறான். போனைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவர், "லைன் கட் ஆயிடுச்சு" என்றார். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் சொல்லிப் பழகிய வாக்கியம்.

ஏழாம் நாள், நவ்டாடோலி

லேபா வழியாக வந்தோம். எதிர்க்கரையில் மண்டலேஷ்வர் பக்கம் ஓர் அணை, வருஷக்கணக்காக மின்சாரம் எடுக்காமல் சும்மா நிற்கிறது. சித்தப்பா அதைப் பார்த்து உச்சுக்கொட்டிய விதம், வரன் அமையாத பெண்ணைப் பார்த்தது போல இருந்தது.

நவ்டாடோலி மேடு பார்த்தால் சாதாரண மண்மேடுதான். 1950களில் தொல்லியல் அறிஞர் சங்காலியா தலைமையில் இங்கே தோண்டியபோது மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தைய குடியிருப்பு கிடைத்தது. வர்ணம் தீட்டிய பானைகள், கரிந்த கோதுமை. ஆற்றங்கரையில் நின்றுவிட்ட ஜனங்கள். மௌசி மேட்டின் மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அவருக்கு இங்கிருந்து ராஜ்காட், அப்புறம் சூல்பாணிக் காடு, அப்புறம் கடல். படகேறிக் கழிமுகத்தைக் கடந்து வடகரை. நாங்கள் இதோடு நிறுத்துகிறோம். "பாட்டிலைப் பத்திரமாக வை, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதே" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். கொஞ்ச தூரத்தில் அவர் போன் அடிப்பது கேட்டது.

ஷாலிவாஹன ஆசிரமத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே மகேஷ்வர். மராட்டிய ராணி அஹில்யாபாய் ஹோல்கரின் கோட்டை தண்ணீரிலிருந்தே எழுந்து நிற்கிறது. மாலை வெயிலில் அகலப் படிகள், சத்ரி என்கிற நினைவு மண்டபங்கள், கோயில்கள். 1767லிருந்து 1795 வரை அங்கிருந்துதான் ஆண்டாள். காசி விஸ்வநாதர் கோயிலை 1780ல் மறுபடி எழுப்பியதும் அவள்தான். நெசவாளர்களை அழைத்து வந்து குடியமர்த்தி இந்தப் புடவைக்கு வழி செய்ததும் அவள்தான் என்கிறார்கள். பருத்தியும் பட்டும் கலந்த நெசவு, இருபுறமும் கட்டலாம் என்கிற கரை. தறிச் சத்தம் இங்கே கேட்கவில்லை. ஆனால் படித்துறையில் காய்கிற துணிகளின் நிறம்கூடத் தெரிகிறது. அவ்வளவு பக்கம்.

படகுக்காரன் வந்தான். பத்து நிமிஷத்தில் அக்கரை, பத்து நிமிஷத்தில் இக்கரை என்றான். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். நாளைக்கு எப்படியும் ஊருக்குப் போகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. அவர் படகுக்காரனிடம் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். பெரிய வட்டம். அவன் சிரித்து "நர்மதே ஹர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திரும்பும் வழியைப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில் கர்கோன், அங்கிருந்து கண்டுவா, ரயில். எல்லாமே தென்கரை. நர்மதையைத் தாண்டாமலே ஊர் போய்ச் சேரலாம். இதைத் திட்டமிட்டுச் செய்தேன் என்று எழுதத்தான் ஆசை.

அக்கரையில் ஆரத்தி விளக்குகள் எரிய ஆரம்பித்தபோது சித்தப்பா தானாகவே சித்திக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

"எதிர்லதான் தெரியுது. மயில் கழுத்துக் கலர்ல ஒண்ணு காயுது பாரு. ஆனா போக முடியாது."

"எப்ப போக முடியும்?"

"கடல் வரைக்கும் போய், வடகரையில திரும்பி வர்றப்ப."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"வருஷத்துக்கு ஒன்பது நாள்னு போனா…" சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டு, சொல்லாமல் இருந்தேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு சித்தி, "நீங்க எடுத்தா கலர் சரியா இருக்காது. அடுத்த தடவை நானும் வர்றேன். முட்டிக்குத் தைலம் மட்டும் சொல்லி வையுங்க" என்று வைத்துவிட்டாள்.

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பிரித்தார். வியர்வையில் மடிப்பு விட்டுப்போய் ஏழாம் நாள் கட்டம் கிழிந்திருந்தது. பின்பக்கம் முழுக்க அவர் எழுதிய தண்ணீர் மட்டம், மணி, தேதி. கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

"பேனா இருக்காடா?" என்றார்.